அத்தான் கழித்துப் போட்ட படம்

அத்தான் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வருவதே ஒரு தனிக் காட்சி. அது படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், ஒரு வெல்வெட் பைக்குள், அந்தப் பையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் குடியிருந்தது. டப்பாவை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி கூடத்துக்கு வருவார். யாராவது பேசிக்கொண்டிருந்தால் பேச்சு நிற்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். சத்தம் அடங்கிய பிறகுதான் பையின் நாடாவை அவிழ்ப்பார். அந்த நாடாவை அவிழ்க்கும் விரல்களைப் பார்த்தாலே அவருடைய மைத்துனிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மைத்துனி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா என்று கேட்டுக்கொண்டிருப்பது அவள் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சாதிப்பார்கள். கடைசி வரியை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, வெளியே போகும்போது கதவில் முட்டிக்கொண்டவர்களும் உண்டு. மனிதர்களைப் பற்றி உயர்வாக நினைக்க அந்த வேலை அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவள் அதிகம் பேசமாட்டாள். அதைச் சொந்தக்காரர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. மூடிய வாய்க்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று யாராவது விசாரித்திருந்தால், குடும்பத்தில் பாதிப் பேர் அவளோடு பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

அவள் தலைக்குள் அதிகம் அடிபட்டவர், அக்காவின் கணவரான இந்த அத்தான்தான். வீட்டில் அவருக்கு 'டைரக்டர்' என்று பெயர். பிறந்தநாளோ, புது வீடோ, ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது திரும்பி வந்த நாளோ, ஸ்டாண்டும் கேமராவுமாக முதல் ஆளாக வந்து நிற்பார். உயரமானவர்களைப் பின்னால் அனுப்புவார். சிரிக்காதவர்களைச் சிரிக்க வைப்பார். டைமரை அழுத்திவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கிறவரைப் போல ஓடிவந்து நட்டநடுவில் அமர்வார். வீட்டுக்குப் போனதும் படங்களை டிஸ்க்கில் ஏற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்து, கண் மூடியவை, தலை திரும்பியவை, வாய் கோணியவை எல்லாவற்றையும் கழித்துவிடுவார். மிஞ்சியதுதான் குடும்பம். அதோடும் விடவில்லை. யார் வந்தாலும் அவர்கள் போனை வாங்கி, அதிலிருக்கும் படங்களையும் தன் டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டு, போனிலிருந்து அழித்துத் தருவார். போன் தொலையும், தண்ணீரில் விழும், திருடு போகும். டிஸ்க் அலமாரியை விட்டு நகராது என்பது அவர் கட்சி. வந்தவர்களும் போனில் இடம் காலியானதே என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு முட்டாளை எப்படிப் பெரிய மனிதனாக்குகிறார்கள் என்பதை அவள் ஓரத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே போனது மகளுக்காக.

மகளுக்குப் பத்து வயது. வீட்டில் எல்லாருக்கும் குட்டி. ஒன்றரை வயதில் ஒரு காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்த குழந்தை. அதை அவளிடம் யாரும் மறைத்ததில்லை. சோறு ஊட்டும்போது சொன்ன கதையாகவே அது வளர்ந்தது. நீ மஞ்சள் கவுன் போட்டிருந்தாய், என் மடியில் உட்கார்ந்ததும் என் கட்டை விரலைப் பிடித்தாய், பிறகு விடவே இல்லை. இதற்கெல்லாம் ஒரு படம் இருக்கிறது, பெரியப்பாவின் டிஸ்க்கில் இருக்கிறது. இப்படிச் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன. கேட்டிருந்தால் அத்தான் ஒரு காப்பி தந்திருப்பார். ஆனால் அதற்குமுன் படங்களைப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு பிரசங்கம் கேட்க வேண்டும். நடுநடுவே தலையாட்ட வேண்டும். கடைசியில் நன்றி வேறு சொல்ல வேண்டும். அந்த மனிதரிடம் கையேந்தி நிற்பதை அவள் அடுத்த முறைக்கு, அதற்கடுத்த முறைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

இப்போது தள்ளிப்போட முடியவில்லை. தத்தெடுத்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை வைத்திருப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் ஒருத்தி சொல்லிவிட்டாள். குட்டி அழவில்லை. சண்டைக்கும் போகவில்லை. வீட்டுக்கு வந்து, சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, அந்தப் படத்தைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். அதற்கு முன்னால் தன்னை யார் பார்த்துக்கொண்டார்கள் என்றும் கேட்டாள். நிறையப் பேர் இருந்தாங்க என்று அம்மா சொன்னாள். நிறையப் பேர் என்றால் யாருமில்லை என்றுதான் அர்த்தம் என்று பத்து வயதுக்குத் தெரியாதா என்ன.

அத்தான் நாடாவை அவிழ்த்தார். டிஸ்க்கை டிவியோடு இணைத்தார். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு டப்பாவின் மேல் நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம். டிக். டிக். டிக். திரையில் எதுவும் வரவில்லை. கேபிளை மாற்றினார். வேறு இடத்தில் செருகினார். வாயால் ஊதினார். கடைசியில் மேஜை விளிம்பில் லேசாக இரண்டு தட்டுத் தட்டினார். டிக் டிக் இன்னும் வேகமானது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். குட்டி, டிவியைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. பேக்கப் இருக்கு," என்றார் அத்தான்.

"எங்க?" என்று கேட்டாள் மைத்துனி.

"இதுலதான்." டிஸ்க்கையே தொட்டுக் காட்டினார். "பேக்கப்னு ஒரு ஃபோல்டர், புது பேக்கப்னு ஒண்ணு, கடைசி பேக்கப்னு ஒண்ணு. மூணு தடவை காப்பி போட்டு வச்சிருக்கேன். அப்படியெல்லாம் ஏனோதானோன்னு விடுற ஆள் இல்ல நான்."

மூன்று சாவிகளையும் ஒரே சட்டைப்பையில் போட்டுவைத்து, அந்தச் சட்டையையே தொலைத்த ஒருவர், தான் எவ்வளவு ஜாக்கிரதைக்காரர் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். அவள் நெடுநேரம் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் வியப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். இன்னும் கொஞ்சம் விளக்கினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. குட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று நான்கு நிறுத்தங்கள் போனபிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "இல்லாட்டி இல்லன்னு சொல்லிடும்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அம்மாவுக்கு அந்தப் பெருந்தன்மைதான் தாங்கவில்லை. படம் இருக்கு குட்டி, இருக்கு என்று சொன்னாள். தன் குரலே தனக்கு, தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சாதிக்கிறவர்களின் குரல் மாதிரிக் கேட்டது.

டிஸ்க்கைத் தானே சரிசெய்து தருவதாக அத்தான் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா போன் செய்து, வேறு ஏதேதோ பேசிவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் அதை ஃப்ரீசரில் வைத்திருக்கிறார். குளிர்ந்தால் உள்ளே இருக்கும் இரும்பு சுருங்கி, சிக்கிக்கொண்டது விடுபடும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்களாம். மைத்துனி கடையில் சொல்லிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்து ஃப்ரீசரைத் திறந்தாள். பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே, பாலிதீன் உறைக்குள், மேலெல்லாம் வெண்பனி பூத்து, தன் மகள் வந்த நாள் கிடந்தது. அத்தான் கூடத்திலிருந்து, இன்னும் ஒரு நாள் விட்டால் பலன் தெரியும் என்று குரல் கொடுத்தார். அவள் அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்து, வெளியே போனாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. பேசாததை அவர் கவனித்தாரா என்பதே சந்தேகம்.

டிஸ்க்குகளிலிருந்து தகவல் மீட்டுத் தருகிறவரின் கடை, ஒரு செருப்புக் கடைக்கு மேலே, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத மாடிப்படியின் முடிவில் இருந்தது. மேஜை முழுக்கச் செத்துப்போன டிஸ்க்குகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு. டிஸ்க்காரர் ஏதோ விதைகளைக் கொறித்துத் தோலைக் காகிதத்தில் துப்பிக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த கண்ணாடியின் பவர் மாறி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் எதையும் பார்த்தார். அடுத்தவர் கோளாறைக் கண்டுபிடிக்க உட்கார்ந்திருப்பவரின் லட்சணம் இது என்று அவள் குறித்துக்கொண்டாள்.

"ஃப்ரீசர்லயா வச்சாங்க?" என்று கேட்டார் அவர். அவள் இன்னும் சொல்லவில்லை. ஸ்க்ரூவைச் சுற்றிப் படிந்திருந்த ஈரத்தைப் பார்த்தே கேட்டார். "மாசத்துக்கு ஒரு அறிவாளி வந்துடுறாரு. போன மாசம் ஒருத்தர் வெயில்ல காய வச்சாரு. அதுக்கு முன்னால ஒருத்தர், சத்தம் வருதுன்னு எண்ணெய் விட்டாரு. இவரு என்ன செஞ்சாரு, தட்டினாரா?"

தட்டினார் என்று அவள் சொன்னாள். மூன்று பேக்கப்பையும் சொன்னாள். டிஸ்க்காரர் கொறிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. இத்தனை வருஷமாகத் தன் தலைக்குள் மட்டுமே ஓடியதை முதன்முதலாக இன்னொருவர் வாயால் கேட்கிறாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. போன் படங்களை அழித்துத் தரும் பழக்கத்தையும் சொன்னாள். படங்களைக் கழித்துப் போடுவதையும் சொன்னாள். ஒரு வருஷத்தில் பேசுவதை அன்றைக்கு அந்த மாடியில் பேசிவிட்டாள்.

டிஸ்க்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க பொண்ணு படம்தானே? நீங்க ஒரு காப்பி வாங்கி வச்சுக்கலையா?" என்றார்.

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எத்தனை வருஷமா அவர்கிட்ட இருக்கு?"

மூடிய ஜிப்பை மறுபடி திறந்தாள்.

"அப்போ அவரும் நீங்களும் ஒண்ணுதான் போங்க. அவராவது மூணு தடவை காப்பி போட்டாரு." மறுபடி ஒரு விதையை வாயில் போட்டுக்கொண்டார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. இந்த ஆள் யார், கண் தெரியாத கழுத்துச் சாய்ந்த ஆள், என்று உள்ளே ஒன்று கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே அடங்கியும் போனது. அவர் பாட்டுக்கு விவரம் சொல்லிக்கொண்டு போனார். உள்ளே தட்டின் மேல் ஊசிபோல ஓடிப் படிக்கிற பாகம் கெட்டிருக்கிறது. அதே மாதிரி இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்து மாட்ட வேண்டும். பிறகு இதிலிருப்பதை ஒரு நல்ல டிஸ்க்குக்கு அப்படியே படியெடுக்க வேண்டும். எளிதாகப் படிக்கிற இடம் முதலில், முரண்டு பிடிக்கிற இடம் கடைசியில். தேடுவதெல்லாம் அந்தப் படியில்தான். மூலத்தை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. முழுதும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டார். படங்களுக்கு வைத்த பெயர் திரும்பாது, ஃபோல்டர் திரும்பாது. எல்லாம் வெறும் எண்ணாக வந்து குவியும்.

"அழிச்சதும் சேர்ந்து வரும்," என்றார். "இவ்வளவு பெரிய டிஸ்க்கை வாங்கி, உங்காளு பாதிகூட நிரப்பல. மேல எதுவும் எழுதாத இடத்துல, அழிச்சது அப்படியே கிடக்கும். எது வேண்டாததுன்னு டிஸ்க்குக்குத் தெரியாது."

காத்திருந்த நாட்களில் குட்டி அந்தப் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாப்பிட்டாள், படித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். விருந்தாளி மாதிரி நடந்துகொண்டாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்த அவள் அப்பா ஒருநாள், "என்ன, ரொம்ப நல்ல பிள்ளையாயிட்டா?" என்று வேடிக்கையாகக் கேட்டான். மனைவி அவனை முறைத்த முறைப்பில் சட்டையைக் கழற்றாமலே குளிக்கப் போனான். இதற்கிடையில் அக்கா மூலமாக அத்தானின் உத்தரவு ஒன்று வந்தது. படங்கள் கிடைத்ததும் நேரே தன்னிடம் கொண்டுவர வேண்டும், எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று தனக்குத்தான் தெரியும். இவள் தன் அக்காவிடம், சரி சொல்லிடு என்றாள். அக்காவுக்குத் தங்கையின் 'சரி' தெரியும். பெருமூச்சு விட்டுப் போனை வைத்தாள்.

ஒருவழியாக டிஸ்க்காரர் கூப்பிட்டார். கிடைத்ததை அவள் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் போட்டுத் தரச் சொன்னாள். ஒன்றைத் தன் கண்ணாடிக் கடை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். இன்னொன்றோடு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு வார விடுமுறை. கணவன் வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, லேப்டாப்பை வைத்து, உட்கார்ந்தாள்.

ஆயிரக்கணக்கில் இருந்தன. எண்கள்தான், பெயர் இல்லை, வரிசை இல்லை. அத்தானின் பிரம்மாண்டமான சாதனை அவள்முன் விரிந்தது. அதே வரிசை, அதே சிரிப்பு, நடுவில் அதே மனிதர். வருஷங்கள் மாறின, திரைச்சீலைகள் மாறின, அவர் வயிறு முன்னால் வந்தது, சிரிப்பு மாறவில்லை. ஒரு படத்தில் அவள் மாமியார் ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள், மூக்கில் குழாயோடு, சொல்லிக்கொடுத்த மாதிரியே சிரித்துக்கொண்டிருந்தாள். மனிதர்களை இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்ல வைக்கவும் ஒரு திறமை வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இடையிடையே கழித்துப் போட்டவையும் வந்தன. தும்மப்போகிற முகம், பிளேட்டை மறைக்கிற கை, சண்டையின் நடுவில் அகப்பட்ட அக்கா. அவற்றில் கொஞ்சம் அதிகநேரம் நின்றாள்.

மதியம் தாண்டியபோது அந்தப் படம் வந்தது.

காப்பகத்தின் வரவேற்பறை. பின்னால் ஜன்னல். மேலே தலைகள் எல்லாம் பிசிறில்லாமல் தெரிந்தன. அக்கா, அத்தான், கணவன், நடுவே அவள். நால்வரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். கழுத்துக்குக் கீழே படம் இல்லை. தகடு அடித்தாற்போல ஒரே சாம்பல் நிறம். குழந்தை இருந்த மடி, மஞ்சள் கவுன், கட்டை விரல், எல்லாம் அந்தச் சாம்பலுக்குள் போயிருந்தன. அசலும் மூன்று பேக்கப்பில் இரண்டும் கிடைக்கவே இல்லை. மிஞ்சிய ஒன்றில் வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள்; யாருக்காக வந்தார்களோ அவளைத் தவிர.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்து நின்றது. இதைக் காட்டினால் என்ன சொல்வாள் குட்டி? ஒன்றும் சொல்லமாட்டாள். பரவாயில்லம்மா என்பாள். அதுதான் பயமாக இருந்தது.

பிறகும் தேடினாள். எதற்கென்று தெரியாமல், கை பழகிய பழக்கத்தில், அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டே போனாள். சாம்பல் படத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, சம்பந்தமில்லாத இரண்டு பிறந்தநாள்களுக்கு நடுவில், அதே ஜன்னல் வந்தது. டைமர் முந்திக்கொண்ட படம். யாரும் தயாராவதற்குள் கேமரா அடித்துவிட்டிருந்தது.

முழுதாக இருந்தது. அத்தான் பாதி உட்கார்ந்து பாதி நின்று, ஒரு கையால் தலைமுடியைத் தடவிக்கொண்டு, இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார். அக்கா யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கணவனின் முதுகு மட்டும் தெரிந்தது; கழன்று விழுந்த குழந்தையின் ஷூவை எடுக்கக் குனிந்திருந்தான். அவள், குழந்தையை இரண்டு அக்குளிலும் பிடித்து, சூடான பாத்திரத்தைத் தூக்குகிறவளைப் போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பாசமும் இல்லை. பயம் இருந்தது, தப்புச் செய்துவிட்டோமோ என்கிற அப்பட்டமான பயம்.

குழந்தை அலறிக்கொண்டிருந்தது. முதுகை வில்லாக வளைத்து, வாய் முழுக்கத் திறந்து, படத்தின் இடது ஓரத்தை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஓரத்தில் ஒரு கை. முழங்கைக்கு மேல் படம் முடிந்துவிட்டது. நீலச் சட்டையின் மடித்துவிட்ட கை, மெல்லிய ஒரு வளையல். குழந்தையின் முஷ்டி அந்தக் கையின் ஒற்றை விரலைப் பிடித்திருந்தது. கட்டை விரலைத்தான்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதுகூடச் சரியில்லை. அது எங்கேயும் போயிருக்கவில்லை. அத்தான் அந்தக் கைக்குரிய அம்மாளைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்த அம்மாளே குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அழுது ஓய்ந்த குழந்தையை மடியில் வைத்ததும், 'உன் விரலைப் பிடிச்ச மாதிரி வை, நல்லா இருக்கும்' என்று அத்தான்தான் சொன்னார். இவள்தான் அந்தச் சின்ன முஷ்டியைத் திறந்து தன் கட்டை விரலை உள்ளே வைத்தாள். அப்போதுகூட அது பிடிக்கவில்லை. இவள்தான் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எட்டரை வருஷமாகச் சோற்றோடு சேர்த்து மகளுக்கு ஊட்டியது அத்தான் டைரக்ட் செய்த காட்சியை. அந்த மனிதரின் எல்லாப் படங்களையும் பார்த்து முகம் சுளித்தவள், அவருடைய மிக மட்டமான பொய்யை எடுத்து வைத்துக்கொண்டு அதையே வேதமாக ஓதியிருக்கிறாள்.

சாம்பல் படத்தைக் காட்டலாம். அதில் கீழ்ப்பாதி இல்லாததால் கதை அப்படியே நிற்கும். இதை ஒரு அழுத்தில் அழித்துவிடலாம். லாக்கரில் இருப்பதையும் நாளைக்குப் போய் அழித்துவிடலாம். முகம் நன்றாக வரவில்லை, அவ்வளவுதானே. அம்புக்குறி படத்தின் மேல் நின்றது. பட்டனில் விரல் இருந்தது. அந்த விரலைப் பார்த்தாள். வெல்வெட் பையின் நாடாவை அவிழ்க்கும் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

கதவு திறந்தது. குட்டி பையை இறக்கி வைத்தாள். மேஜையையும் அம்மாவையும் பார்த்தாள். அருகில் வரவில்லை, வரலாமா என்று கேட்கிற மாதிரி நின்றாள். அம்மா லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள்.

குட்டி வெகுநேரம் பார்த்தாள். அம்மா அவள் காதோர முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா கண்ண மூடிட்டாரு," என்றாள் குட்டி.

"ம்."

"நீ ஏன் என்னை இப்படிப் பிடிச்சிருக்கே? கீழ போட்டுடுவ போலிருக்கு."

"பயமா இருந்துச்சு. எனக்குக் குழந்தையத் தூக்கத் தெரியாது." பிறகு, கேட்காததையும் சொன்னாள். "விரலைப் பிடிச்சேன்னு சொன்னேன்ல. நீ என்னைப் பிடிக்கல. நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

குட்டி படத்தைப் பெரிதாக்கினாள். இடது ஓரத்துக்கு நகர்த்தினாள். இன்னும் பெரிதாக்கினாள். நீலக் கை திரை முழுக்க வந்தது.

"இது யாரு?"

"உன்னை அதுவரைக்கும் வளர்த்தவங்க."

"இவங்ககிட்ட போகத்தான் அழுறேனா?"

"ஆமா."

குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இத்தனை நாளாக இருந்த அந்த விருந்தாளி மரியாதை போயிருந்தது. "எப்படிக் கத்துறேன் பாரு," என்றாள். குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. யாருமில்லாத குழந்தை இப்படிக் கத்தாது. அதை அவள் வார்த்தையாகச் சொல்லவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப அந்த அலறுகிற வாயையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, இவங்க யாரு, எங்க இருக்காங்க என்று கேட்டாள்.

அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒருமணி நேரம் ஒரே அறையில் இருந்த ஒரு பெண்ணிடம், உங்களை எப்படிக் கூப்பிடுவது என்றுகூடக் கேட்கவில்லை. யாருக்காவது தெரிந்திருக்கும் என்றால் அது ஒரே ஒருவருக்குத்தான். அவள் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

படங்கள் கிடைத்ததில் அத்தானுக்கு ஆச்சரியமே இல்லை. ஃப்ரீசரில் வைத்ததால்தான் கிடைத்தது என்றார். மைத்துனி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாள். அதை ஏன் அழித்தார் என்று கேட்டாள்.

"அதுவா? அதுல என் கண்ணு மூடியிருக்கும்மா," என்றார் அவர். வேறு காரணம் எதுவும் அவருக்கு இல்லை. அவளுடைய பயந்த முகத்தை மறைக்கத்தான் அழித்தாரோ என்று நினைத்திருந்தாள்; அவர் அதைக் கவனித்ததே இல்லை. அப்படி ஒரு கருணையை அவர்மேல் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டதற்காக அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

குட்டி போனுக்கு அருகில் குனிந்தாள். "பெரியப்பா, அந்த நீலச் சட்டைக்காரங்க யாரு?"

"அந்தக் காப்பகத்துல பெரிய ரூம் குழந்தைங்களைப் பாத்துக்குற ஆயாம்மாவா? ஃப்ரேமை விட்டு நகருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன், நகரவே இல்ல. நீ விட்டாத்தானே. அப்புறம் வாசல்வரைக்கும் வந்து, ஒரு படம் எனக்கும் குடுங்கன்னு கேட்டாங்க. தரேன்னு சொன்னேன்." கொஞ்சம் யோசித்தார். "டிஸ்க்ல பத்திரமாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். உங்கம்மாவும் பக்கத்துலதான் நின்னா."

குட்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா பார்வையை விலக்கவில்லை. நின்னேன், கேட்டேன், மறந்துட்டேன் என்றாள்.

மறுநாள் மாலை இருவரும் போட்டோ பிரிண்ட் போடும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். யாருமே சரியாக நிற்கவில்லையே என்றார். அந்தப் பெரியவரின் கண்ணைத் திறந்துவிடலாம், இப்போதெல்லாம் அது ஒரு நிமிஷ வேலை. அந்த அம்மா முகத்திலும் லேசாக ஒரு சிரிப்பு வரவழைத்துவிடலாம். ஓரத்தில் யாரோ கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அதை வெட்டிவிட்டால் படம் எடுப்பாக இருக்கும். சொல்லிக்கொண்டே அம்புக்குறியால் அந்த நீலக் கைக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தார்.

"கைய வெட்டாதீங்க," என்றாள் குட்டி.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாள்.

"கண்ணு?"

"அதுவும் அப்படியே இருக்கட்டும்," என்றாள் அம்மா. "எதையும் தொடாதீங்க. ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு அந்தக் கைக்காரங்களுக்கு."

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, நல்ல படம் எது, கெட்ட படம் எது என்று தெரியாத ஜனங்களைப் பார்க்கிற பார்வை ஒன்றைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான். மெஷின் ஓடத் தொடங்கியது. குட்டி அதன் வாயருகே போய் நின்றுகொண்டாள். படம் இடது ஓரத்திலிருந்து வெளியே வந்தது. முதலில் அந்தக் கை.